ஸ்மோக் ஆன் த வாட்டர்: தீ விபத்தைச் செய்தியாகச் சொன்ன ராக் பாடல்

கிட்டார் கற்றுக்கொள்ளும் பலரும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் ஒரு மெட்டு உண்டு.

"டன் டன் டன்ன்... டன் டன் டடன்ன்... டன் டன் டன்ன்... டன் டன்ன்."

பாடலின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட இந்த மெட்டு தெரிந்திருக்கும். விளம்பரத்தில் கேட்டிருப்பார்கள், படத்தில் கேட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் புது கிட்டார் வாங்கியிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார்கள்!

பிரிட்டனின் டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாடல் அது. தண்ணீர்மேல் புகை என்று பொருள். காதல் பாட்டு இல்லை, தத்துவப் பாட்டும் இல்லை. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு தீ விபத்தின் கதை.

சுமார் 2,000 பேர் இருந்த கட்டடம் எரிந்து சாம்பலானது. ஆனால் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. பாடலின் மெட்டு எல்லாருக்கும் தெரிகிறது, இந்த விவரம் பலருக்குத் தெரிவதில்லை.

யார் இந்த டீப் பர்ப்பிள்?

1968இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட் நகரில் உருவான குழு. லெட் ஸெப்பலின், பிளாக் சாபத் ஆகியவற்றோடு சேர்த்து, ஹார்ட் ராக் இசைக்கு அடித்தளம் போட்ட மூன்று பிரிட்டிஷ் குழுக்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது.

குழுவில் ஆட்கள் வருவதும் போவதும் வாடிக்கை. தொடக்கம் முதல் இன்றுவரை இருப்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் மட்டுமே. ஆனால் ரசிகர்கள் கொண்டாடுவது 1969இல் அமைந்த ஐவர் அணியைத்தான். பாடகர் இயன் கில்லன், கிட்டார் ரிச்சி பிளாக்மோர், பேஸ் கிட்டார் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் பெய்ஸ்.

சத்தத்துக்குப் பேர்போன குழு இது. உலகிலேயே ஆக அதிகச் சத்தமாக இசைக்கும் குழு என்று 1970களில் கின்னஸ் புத்தகத்திலேயே இடம்பிடித்தது. அந்தச் சத்தம் இந்தக் கதையிலும் ஒரு சிக்கலை உண்டாக்கியது. அதைப் பிறகு பார்ப்போம்.

மோன்ட்ரூவுக்கு ஏன் போனார்கள்?

ஸ்டுடியோவின் நான்கு சுவருக்குள் பதிவு செய்தால் மேடையில் வரும் உயிர்ப்பு வருவதில்லை என்பது குழுவின் எண்ணம். அதனால் ஒரு பெரிய மண்டபத்தில், மேடையில் வாசிப்பது போலவே வாசித்து ஆல்பம் தயாரிக்க முடிவெடுத்தார்கள்.

அதற்கு வசதியான கருவி ஒன்று இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவுக் கூடம். பெரிய லாரிக்குள் முழு ஸ்டுடியோ. எங்கே வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம்.

இடம்: ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோன்ட்ரூ நகரின் கேசினோ. சூதாட்டக்கூடம் என்றாலும், உள்ளே பெரிய கச்சேரி மண்டபம் இருந்தது. 1967இல் தொடங்கிய மோன்ட்ரூ ஜாஸ் விழா அங்குதான் நடந்துவந்தது. விழாவின் இயக்குநர் குளோட் நோப்ஸ்.

குளிர்காலத்தில் கேசினோ மூடப்படும். மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு கச்சேரி, அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும் நடத்துவது. அது முடிந்ததும் மண்டபம் டீப் பர்ப்பிளுக்கு. லாரி வந்தாயிற்று, குழுவும் வந்தாயிற்று. கச்சேரி முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

டிசம்பர் 4: என்ன நடந்தது?

சனிக்கிழமை பிற்பகல். மண்டபம் நிறைய இளையர்கள். டீப் பர்ப்பிள் குழுவினரும் ரசிகர்களோடு ரசிகர்களாக இருந்தார்கள்.

'கிங் காங்' என்ற இசைக்கோவையில் சிந்தசைஸர் தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருந்த நேரம். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் ஒளிச்சுடர்த் துப்பாக்கியை மேல்நோக்கிச் சுட்டார். ஆபத்தில் சிக்கிய படகோட்டிகள் உதவி கேட்டு வானத்தில் சுடுவார்களே, அந்த வகைத் துப்பாக்கி. அதன் குண்டு கனன்று எரிந்துகொண்டே போகும்.

மண்டபத்தின் மேற்கூரை அலங்காரம் பிரம்பால் ஆனது. நம் வட்டாரத்தில் நாற்காலி, கூடை பின்னும் அதே பிரம்புதான். காய்ந்த பிரம்பில் தீப்பொறி பட்டால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முதலில் சிறிய தீ போலத்தான் தெரிந்தது. ஸாப்பா இசையை நிறுத்தி, பதற்றப்படாமல் வெளியேறும்படி கூட்டத்திடம் சொன்னார். அன்று ரசிகர் ஒருவர் பதிவு செய்த ஒலிநாடா பின்னாளில் ஆல்பமாகவே வெளிவந்தது. கச்சேரி நின்று, தீ பற்றிய அறிவிப்பு வருவதை அதில் கேட்கலாம்.

கொஞ்ச நேரத்தில் தீ கட்டடம் முழுவதும் பரவியது. பெரிய கண்ணாடிச் சன்னல்களை உடைத்தும் ஆட்கள் வெளியேறினார்கள். குளோட் நோப்ஸ் உள்ளேயும் வெளியேயும் ஓடி இளையர்களை மீட்டார். சிலருக்குக் காயம். உயிரிழப்பு இல்லை.

கேசினோ முற்றாக எரிந்துபோனது. ஸாப்பா குழுவின் இசைக்கருவிகள் எல்லாம் போயின.

டீப் பர்ப்பிள் குழுவினர் தங்கள் ஹோட்டலிலிருந்து அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். எரியும் கட்டடத்தின் புகை, மலைக்காற்றில் தாழ்ந்து ஏரியின்மேல் படர்ந்து நின்றது. பாடலின் தலைப்பு அந்தக் காட்சிதான்.

ஸாப்பாவுக்கு அந்த டிசம்பரில் இன்னும் ஓர் அடி காத்திருந்தது. ஆறே நாள் கழித்து, லண்டனின் ரெயின்போ அரங்கில் ரசிகர் ஒருவர் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டார். பலத்த காயம். பல மாதங்கள் சக்கர நாற்காலியில் இருந்தார். குரல்வளையில் பட்ட அடியால் குரலே மாறிப்போனது.

பாடல் எப்படிப் பிறந்தது?

மண்டபம் போச்சு. லாரிக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. குழுவுக்கு உடனே வேறு இடம் தேவை.

நோப்ஸ் பெவிலியன் என்ற பழைய அரங்கை ஏற்பாடு செய்து கொடுத்தார். அங்கே ஒரு பாடலின் இசைப் பகுதியை மட்டும் பதிவு செய்தார்கள். இரவு நேரம். நகரம் தூங்குகிறது. பர்ப்பிள் வாசிக்கிறது. அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? போலீசுக்குப் புகார் போனது.

போலீஸ் வந்து கதவைத் தட்ட, குழுவின் உதவியாளர்கள் உள்ளேயிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்களாம். அந்த இடைவெளியில் பதிவு முடிந்தது. அப்போது பதிவானதுதான் நமக்கெல்லாம் தெரிந்த அந்த மெட்டு. அப்போது அதற்கு வரிகளும் இல்லை, பெயரும் இல்லை.

பெவிலியனிலிருந்து துரத்தப்பட்ட குழு, கடைசியில் கிராண்ட் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது. குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த ஹோட்டல். ஆள் இல்லை, கடுங்குளிர். தாழ்வாரத்தில் இசைக்கருவிகளை வைத்து, எதிரொலியைக் குறைக்க மெத்தைகளை அடுக்கினார்கள். லாரி வெளியே நின்றது.

பதிவு செய்ததைக் கேட்டுப்பார்க்க லாரிக்குப் போக வேண்டும். போகும் வழி அறைகள், குளியலறை, பால்கனி என்று சுற்றி வளைத்துப் போகும். கொஞ்ச நாளில் "யார் நடக்கிறது?" என்று, கேட்டுப்பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சரியாக வாசித்தோம் என்ற நம்பிக்கையிலேயே அடுத்த பாடலுக்குப் போனார்கள். அந்த ஆல்பத்தில் மேடையின் சூடு தெரிவதற்கு இந்தச் சோம்பேறித்தனமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

தலைப்பு ரோஜர் குளோவருடையது. தீ விபத்துக்குப் பிறகு ஒரு நாள் தூக்கத்திலிருந்து விழித்தபோது அந்தச் சொற்கள் வாயில் வந்ததாக அவர் கூறியிருக்கிறார். முதலில் குழுவுக்குத் தயக்கம். புகை என்றதும் போதைப்பொருள் பாட்டு என்று ஆட்கள் நினைத்துவிடுவார்களே என்று யோசித்தார்கள். அந்தக் காலத்தில் அது நியாயமான கவலைதான்.

பதிவின் கடைசிக் கட்டத்தில் ஆல்பத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் குறைவதாக ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் சொன்னார். பெவிலியனில் பதிவு செய்த அந்த இசை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு வரிகள் எழுத வேண்டும். எதைப் பற்றி எழுதுவது? இரண்டு வாரமாகத் தங்களுக்கு நடந்ததையே எழுதிவிட்டார்கள்.

அதனால்தான் அந்தப் பாடல் ஒரு செய்தி அறிக்கை போலவே இருக்கிறது.

செய்தியறையில் எந்தத் தகவல் வந்தாலும் முதலில் கேட்பது ஐந்து கேள்விகள்: யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி. இந்தப் பாடலை அப்படிச் சோதித்துப் பாருங்கள். ஊர் பெயர் இருக்கிறது. ஏரி இருக்கிறது. ஸாப்பா பெயர், அவர் குழுவின் பெயர் இருக்கிறது. தீ எப்படிப் பிடித்தது என்பது இருக்கிறது. ஆட்களை மீட்ட குளோட் இருக்கிறார். நடமாடும் ஸ்டுடியோ, காலியான கிராண்ட் ஹோட்டல், அதன் குளிர், எல்லாமே வரிசையாக வருகின்றன. உவமை இல்லை, அலங்காரம் இல்லை. தலைப்பில் வரும் கவிதைகூடக் கண்ணால் பார்த்த காட்சிதான்.

'எப்போது' என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ஆசிரியர் இருந்திருந்தால் தேதியைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்!

அந்த மெட்டில் என்ன விசேஷம்?

ராக் இசையில் 'ரிஃப்' என்பார்கள். பாடல் முழுதும் திரும்பத் திரும்ப வரும் சிறிய கிட்டார் மெட்டு. இந்த ரிஃபில் மொத்தமே நான்கு ஸ்வரங்கள்தான்.

கர்நாடக இசை தெரிந்தவர்கள் இப்படிப் பாடிப் பார்க்கலாம். ச க ம, ச க (பிரதி மத்யமம்) ம, ச க ம, க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். 'ம' சுத்த மத்யமம். நடுவில் ஒரே ஒருமுறை பிரதி மத்யமத்தைத் தொட்டுவிட்டு உடனே கீழே இறங்கும். அந்த ஒரு தொடல்தான் மெட்டுக்குக் காரம்.

இன்னொரு விஷயம். பிளாக்மோர் அதைத் தனி ஸ்வரங்களாக வாசிப்பதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதற்குக் கீழே இருக்கும் இன்னொரு ஸ்வரத்தைச் சேர்த்து இரண்டு தந்திகளில் வாசிக்கிறார். 'ச' என்றால் கூடவே கீழ் ஸ்தாயி 'ப'. பிக் என்ற மீட்டும் தகடு இல்லை, விரல்களால் கிள்ளுகிறார். கற்றுக்குட்டிகள் பலர் வாசிக்கும்போது ஏதோ குறைவது போல இருக்கும் இல்லையா? காரணம் இதுதான்.

முதலில் கிட்டார் தனியாக. பிறகு டிரம்ஸின் சிம்பல். பிறகு ஆர்கன், பேஸ் கிட்டார். ஜான் லார்ட் தம்முடைய ஹேமண்ட் ஆர்கனை, கிட்டாருக்குப் பயன்படுத்தும் மார்ஷல் ஒலிபெருக்கியில் இணைத்திருந்தார். அதனால் ஆர்கனே இன்னொரு கிட்டார் போல உறுமும். மேற்கத்திய செவ்விசை படித்தவர் செய்த வேலை அது!

உடனே ஹிட் ஆனதா?

இல்லை. அதுதான் வேடிக்கை.

'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச் மாதம் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் தனிப்பாடலாக வெளியிடக் குழு தேர்ந்தெடுத்தது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாடலை. இன்று அதை எத்தனை பேருக்குத் தெரியும்?

குளோட் நோப்ஸ் பின்னாளில் ஒரு கதை சொல்வார். குழுவினர் அவர் வீட்டுக்கு வந்தபோது இந்தப் பாடலைப் போட்டுக் காட்டி, "உங்களுக்காகச் செய்தோம், ஆல்பத்தில் வராது" என்ற மாதிரி சொன்னார்களாம். இது பெரிய பாடலாகும் என்று அவர்தான் சொன்னாராம்.

1972 ஆகஸ்ட்டில் குழு ஜப்பானில் கச்சேரி செய்தது. ஒசாகாவிலும் தோக்கியோவிலும் பதிவான அந்த நிகழ்ச்சிகள் 'மேட் இன் ஜப்பான்' என்ற நேரடி ஆல்பமாயின. மேடையில் இந்தப் பாடல் எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. 1973இல் அமெரிக்காவில் தனிப்பாடலாக வெளியிட்டார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஸ்டுடியோ வடிவம், மறுபக்கம் ஜப்பான் மேடை வடிவம். பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம்.

ஜப்பானில் அந்தக் குழுவுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. மாணவப் பருவத்தில் டிரம்ஸ் வாசித்த அந்நாட்டுப் பிரதமர் சனாயே தக்காயிச்சியும் டீப் பர்ப்பிள் ரசிகர்தான்.

பாடல் சொல்லாதது என்ன?

2,000 பேர் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பாடல் விளக்கவில்லை. ஒளிச்சுடர்த் துப்பாக்கி, பிரம்புக் கூரை, நெரிசல் மிகுந்த மண்டபம். மூன்றும் சேர்ந்தால் பெரும் உயிர்ச்சேதம் வந்திருக்க வேண்டும்.

வேறு ஊர்களில் வந்தது.

2004 டிசம்பர் 30. அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் ரிப்பப்ளிகா குரோமன்யோன் என்ற கேளிக்கைக்கூடம். ராக் கச்சேரி. கூட்டத்தில் யாரோ கொளுத்திய வாணம் கூரையில் பட்டது. மோன்ட்ரூவில் நடந்தது அப்படியே. ஆனால் அங்கே வெளியேறும் கதவு பூட்டிக்கிடந்தது, உள்ளே அளவுக்கு மீறிய கூட்டம், கூரையில் எரிந்தது நச்சுப்புகை கக்கும் செயற்கைப் பொருள். 194 பேர் மாண்டனர்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2003 பிப்ரவரியில், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் இரவு விடுதி. மேடை வாணவேடிக்கை, சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு நுரைப்பஞ்சைப் பற்றியது. பலரும் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓட, அங்கே நெரிசலில் சிக்கினர். 100 பேர் மாண்டனர். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் இரவு விடுதி. அதே நுரைப்பஞ்சு, அதே மேடை வாணம். 242 பேர்.

மோன்ட்ரூவில் மட்டும் என்ன வேறு? பகல் நேரம். உடைத்து வெளியேறக்கூடிய பெரிய சன்னல்கள். மேடையில் இருந்தவர் இசையை நிறுத்திவிட்டு நிதானமாகப் பேசினார். கட்டடத்தை நன்கு அறிந்த ஒருவர் உள்ளே ஓடினார். இவற்றில் சில நல்ல ஏற்பாடு, சில வெறும் அதிர்ஷ்டம். பிரம்புக் கூரையைப் பொறுத்தவரை, அது ஏற்பாட்டுப் பிழைதான். அதை அதிர்ஷ்டம் மறைத்துவிட்டது.

துப்பாக்கியைச் சுட்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர் சுவிட்சர்லாந்தைவிட்டுப் போய்விட்டார். பாடலிலும் அவருக்குப் பெயர் இல்லை. ஒரு வசைச்சொல் மட்டும் உண்டு.

ஆர்மீனியாவுக்கும் இந்தப் பாடலுக்கும் என்ன தொடர்பு?

1988 டிசம்பர் 7ஆம் தேதி, அப்போது சோவியத் யூனியனில் இருந்த ஆர்மீனியாவை நிலநடுக்கம் உலுக்கியது. குறைந்தது 25,000 பேர் மாண்டனர்.

நிவாரண நிதிக்காகப் பிரிட்டிஷ் ராக் கலைஞர்கள் ஒன்றுகூடிப் பதிவு செய்யத் தேர்ந்தெடுத்த பாடல் இதுதான். குவீன் குழுவின் பிரையன் மே, பிளாக் சாபத்தின் டோனி அயோமி, பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர், அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் என்று பெரிய பட்டாளம். கூடவே கில்லனும் பிளாக்மோரும். பேரிடர் பற்றிய பாடல், பேரிடருக்கு நிதி திரட்டியது.

கில்லனும் அயோமியும் அத்தோடு நிறுத்தவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகும் பணம் திரட்டி, நிலநடுக்கத்தில் சிதைந்த கியூம்ரி நகரின் இசைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கிடைக்க உதவினார்கள். ஆர்மீனிய அரசாங்கம் 2009இல் இருவருக்கும் விருது கொடுத்தது.

இப்போது குழு என்ன செய்கிறது?

இன்னும் மேடையேறுகிறது! பிளாக்மோர் 1993இல் விலகிவிட்டார். ஜான் லார்ட் 2012இல் காலமானார். கில்லன், குளோவர், பெய்ஸ் மூவரும் தொடர்கிறார்கள். 2016இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் குழுவுக்கு இடம் கிடைத்தது. ரொம்பத் தாமதம் என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். கிட்டாரில் இப்போது சைமன் மெக்பிரைட். 2024இல் புதிய ஆல்பமும் வந்தது. கச்சேரி எங்கே நடந்தாலும் அந்த நான்கு ஸ்வரங்கள் இல்லாமல் ரசிகர்கள் விடுவதில்லை.

2007இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1,700க்கும் மேற்பட்ட கிட்டார் கலைஞர்கள் ஒரே இடத்தில் கூடி இதை வாசித்து உலகச் சாதனை படைத்தார்கள். சில வாரங்களில் ஜெர்மனியில் இன்னும் பெரிய கூட்டம் கூடி அந்தச் சாதனையை முறியடித்தது. இரண்டு இடத்திலும் அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்களோ!

மோன்ட்ரூவில் கேசினோவை மீண்டும் கட்டி 1975இல் திறந்தார்கள். புதிய கட்டடத்திலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடமும் அமைந்தது. பின்னர் அதை வாங்கியது குவீன் குழு. குளோட் நோப்ஸ் கடைசிவரை ஜாஸ் விழாவை நடத்திவந்தார். 2012 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பனிச்சறுக்கில் அடிபட்டு, 2013 ஜனவரியில் காலமானார்.

அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏரிக்கரையில் நிற்கும் ஃபிரெடி மெர்குரி சிலையோடு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அதன் பக்கத்திலேயே சிறிய சிற்பம் ஒன்றும் இருக்கிறது. டீப் பர்ப்பிளின் பெயர், பாடலின் பெயர், கூடவே அந்த ரிஃபின் இசைக்குறிப்பு. பலர் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.